எட்டுப் போடுவதற்கு முன்னால்

ஓசூர் என்றதும் இரு சக்கர வாகனங்கள் நினைவுக்கு வருவது இயல்பே. இருவர் ஏறிச் செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் என்ற கீர்த்தியுடன் 1980-ல் டி.வி.எஸ். 50 வெளிவந்தது இவ்வூர் ஆலையிலிருந்துதான். பெண்களை உத்தேசித்தே ஸ்கூட்டியை 1990-களில் நாடெங்கும் பரப்பியதும் அதே நிறுவனம்தான். இக்காலத்து மின்சார ஸ்கூட்டர்களுக்கு ஏதர் நிறுவனம் ஓசூரிலும், ஓலா நிறுவனம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் ஆலை அமைத்திருக்கின்றன. ஓலா தன் ஆலையை முற்றிலும் பெண்களே நடத்துவார்கள் என்றும், அது முழு அளவில் இயங்கும்போது 10,000-க்கு மேற்பட்ட பெண்கள் அங்கே வேலை பார்ப்பார்கள் என்றும் 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஆயினும், பகலெல்லாம் வண்டிகளைப் பூட்டி அனுப்புகிற பெண்களிற் பலர், ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸுக்கோ, வாசலில் வந்து நிற்கும் கணவரின் பின்ஸீட்டுக்கோ காத்திருப்பது இப்பிரதேசத்தில் சகஜமான காட்சி.

இந்நிலை மெல்ல மாறிவருகிறது. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இரு சக்கர வாகனத் திட்டம், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு வண்டியின் விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மானியமாகத் தந்தபோது, மனுப் போடுவதற்கென்றே எல்.எல்.ஆர். எடுக்கப் பெண்கள் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் திரண்டார்கள். உரிமம் வாங்கித்தர டிரைவிங் ஸ்கூல்கள் உண்டென்றாலும், பெரும்பாலான வீடுகளில் குரு ஸ்தானத்தில் அமர்பவர் கணவர்தாம். ஓட்டத் தெரிந்தவருக்கெல்லாம் ஓட்டக் கற்பிக்கத் தெரியும் என்ற அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது சரியன்று என்பது என் கருத்து. பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவருக்குக் கிளட்ச் என்பது கையின் சுபாவமாகிவிட்டது. சுபாவமாகிவிட்ட ஒன்றைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்ல அவருக்கு வாராது. வாராதபோது அவர் குரலை உயர்த்துகிறார். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றதை நினைத்துப் பார்க்கலாம். அங்கே கற்பித்தவர்களிற் பலர் தாமே சற்று முன்னர் கற்றுத் தேறிய பெண்கள். எந்த இடத்தில் பயம் பிடிக்கும் என்பது அவர்களுக்கு மறந்துபோயிருக்கவில்லை.

கற்பிக்கும் கணவர் முதலில் செய்யவேண்டியது இன்ஜினை அணைத்து வைப்பதுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது, திருப்புவது, ஸ்டாண்டு போடுவது, எடுப்பது, இரண்டு பாதங்களும் தரையில் படும்படி உட்கார்ந்து இடமும் வலமும் சாய்த்து அதன் கனத்தை உணர்வது ஆகிய இவற்றுக்கு ஒரு மாலை முழுவதும் செலவழித்தாலும் வீணில்லை. ஏனெனில் புதிதாகக் கற்பவர்கள் வேகத்தினால் விழுவதைக் காட்டிலும், நின்றுகொண்டிருக்கும் வண்டி ஒருபுறம் சாயும்போது தாங்க மாட்டாமல் விழுவதே அதிகம். வீட்டிலிருப்பது 190 கிலோவுக்கு மேற்பட்ட புல்லட்டாயின், அதில் பாடம் தொடங்குவது வீரமே அன்றி விவேகமாகாது. அதில் ஏறக்குறையப் பாதி எடையுள்ள ஒரு வண்டியை உறவினரிடம் இரவல் கேட்பதில் சங்கோசம் வேண்டியதில்லை.

அடுத்தபடியாகக் கற்கவேண்டியது நிறுத்துவதே. ஓட்டுவதை அதன் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின் மேல் சரிவதால், நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. முன்பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவாய் என்று பயமுறுத்தி வைப்பது வழக்கமாகிவிட்டது. வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்தினால் அது விழச்செய்வதில்லை. மணலும் ஈரமும் உள்ள இடத்தில், அதிலும் வண்டி சாய்ந்து திரும்பும்போது, மிக மிருதுவாகப் பிடிக்கவேண்டும் என்பது உண்மை.

ஆக்சிலரேட்டரைப் பற்றி ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்லவேண்டும். வண்டி எதிர்பாராமல் முன்னே பாய்ந்தால் உடல் பின்னுக்குச் சாய்கிறது. விழுந்துவிடாதிருக்க வலக்கை கைப்பிடியை இறுகப் பற்றுகிறது. மணிக்கட்டு கீழே இறங்க, ஆக்சிலரேட்டர் இன்னும் திருகப்படுகிறது. வண்டி மேலும் பாய்கிறது. ‘பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி’ என்று பின்னாலிருந்து எழும் கூச்சல் அந்தக் கணத்தில் காதில் விழுந்தாலும் கைக்கு எட்டுவதில்லை. தொடக்கத்திலேயே மணிக்கட்டைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்கப் பழக்கினால், கை மேலும் திருகுவதற்கு இடமிருக்காது. கால்களால் டாங்கை அணைத்து உட்காரப் பழகியவர் கைப்பிடியில் தொங்கவும் மாட்டார்.

ஸ்கூட்டரில் கைதேர்ந்த பெண் கணவரின் மோட்டார்சைக்கிளுக்கு மாறும்போது வேறொரு கண்ணி காத்திருக்கிறது. ஸ்கூட்டரின் இடக்கைப் பிடி பின்பிரேக். மோட்டார்சைக்கிளில் அதே இடத்திலிருப்பது கிளட்ச். குறுக்கே ஆடு ஓடிவந்தால் பழகிய இடக்கைதான் முந்திக்கொள்ளும். வண்டி நிற்பதற்குப் பதில் இன்ஜின் பிடிமானமும் இன்றி உருண்டுபோகும். ஆகவே மாறிய சில வாரங்கள் வரை, காலி மைதானத்தில் தினந்தோறும் அவசரமாய் நிறுத்துவதை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்து பார்க்கவேண்டும்.

சிப்காட்டின் உட்சாலைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாயிருப்பதால் பலர் அங்கே பயிற்சிக்குப் போகிறார்கள். நல்ல இடந்தான், ஷிப்ட் மாறும் வேளையைத் தவிர்த்துவிட்டால். எல்.எல்.ஆர். கையிலிருந்தால் உரிமமுள்ள கற்பிப்பவர் பின்னால் உட்காரச் சட்டம் இடந்தருகிறது, வேறு எவரையும் ஏற்றலாகாது. முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எழுத்தாய் ‘எல்’ பலகை வேண்டும். ஆனால் கனத்த ஆசாமி ஒருவர் பின்னே அமர்ந்து தோளுக்கு மேலாகக் கைப்பிடியை எட்டுவதைவிட, இறங்கிப் பக்கத்தில் நடந்து வருவது மேல் என்பேன். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம், அதுவும் வண்டி நின்ற பிறகு. மனைவி, “போதுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றால் அன்றைய பாடம் முடிந்தது; “இன்னும் ஒரே ரவுண்டு” என்று வற்புறுத்தும் அந்த ரவுண்டில்தான் முழங்கால் சிராய்கிறது.

எல்.எல்.ஆர். பெற்று 30 நாள் கழித்து, ஆறு மாதத்துக்குள், ஆர்.டி.ஓ. முன்னிலையில் கால் ஊன்றாமல் எட்டுப் போடவேண்டும். சக்கரத்தைப் பார்த்தால் எட்டு வாராது. அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டு, கிளட்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கை லேசாய்த் தொட்டபடி போனால் வந்துவிடும். எட்டு நிதானத்தைச் சோதிக்கிறதே தவிர, அத்திப்பள்ளி எல்லையிலிருந்து கிருஷ்ணகிரி வரை கண்டெய்னர் லாரிகள் விரையும் நெடுஞ்சாலையை அது சோதிப்பதில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அபாயத்தைக் கண்டு ஒரு விநாடி திகைத்தாலே வண்டி 11 மீட்டர் கடந்துவிடுகிறது; வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பின் நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. லாரியின் இடப்புறத்தை ஒட்டிச் செல்பவர் டிரைவரின் கண்ணுக்கே தென்படாதிருக்கக்கூடும் என்பதை, நின்றுகொண்டிருக்கும் லாரியில் ஏற்றி உட்காரவைத்துக் காட்டினால் ஒரு பார்வையிலேயே விளங்கும். சூளகிரிப் பக்கத்து சர்வீஸ் ரோடுகளில் எதிர்த்திசையில் வருகிறவர்களைப் பற்றியும், மார்கழி மாதத்துக் காலைப் பனியைப் பற்றியும் தனியே எச்சரிக்கவேண்டும்.

உடை விஷயத்தில் துப்பட்டாவும் முந்தானையும் இழுத்துச் செருகப்படவேண்டும். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பை மோட்டார் வாகன விதிகளே கட்டாயமாக்கியிருக்கின்றன, பார்வைக்கு அழகில்லை என்று அதைக் கழற்றி எறியும் இளைஞர்கள்தாம் அதிகம். உயரக் கட்டிய கொண்டையின் மேல் ஹெல்மெட் சரியாக அமராது, தாழப் பின்னிக்கொள்ளவேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத ஹெல்மெட்டை 2021 ஜூன் முதல் விற்கவே கூடாது. குழந்தையைப் பின்னால் ஏற்றிக்கொள்ளும் நாள், உரிமம் வந்த நாளாயிருக்க வேண்டிய அவசியமில்லை. தனியே ஓட்டிச் சில மாதங்களாவது போகட்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையாயின், ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பட்டையும் அதன் தலைக்கேற்ற ஹெல்மெட்டும் 2023 பிப்ரவரி முதல் கட்டாயம். வேகமும் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது, ஓட்டுகிறவர் கணவராயிருந்தாலும் சரி.