கண்ணளவும் கைப்பக்குவமும்: வீட்டு வழக்கங்களை எழுதி வைப்பது எப்படி?

"கண்ணளவா உப்பு போடு, பதமா வந்ததும் இறக்கு." நம் பாட்டிமார் சமையல் சொல்லிக் கொடுத்த முறை இதுதான். பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது போதும். பிழைப்புத் தேடித் தில்லி, மும்பை, கொல்கத்தா என்று வந்துவிட்ட நமக்கு? இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு?

இதற்கு விடை சொன்னவர்களுள் முக்கியமானவர் எஸ். மீனாட்சி அம்மாள். உறவினரும் நண்பர்களும் செய்முறை கேட்டுக்கொண்டே இருந்ததால் எழுந்த நூல் 'சமைத்துப் பார்'. முதல் பாகம் 1951இல் வெளிவந்தது. புதுக் குடித்தனம் வைத்த எத்தனையோ பெண்களுக்கு அதுவே அம்மாவின் இடத்தில் நின்றது. கைப்பக்குவத்தையும் அளவாக எழுத முடியும் என்று அது காட்டியது.

ஆனால் அளவும் காலத்தோடு மாறும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அந்தப் படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கிலோவும் லிட்டரும் வந்தன. இன்று "ஆழாக்கு" என்றால் பேத்தி முழிக்கிறாள். "ஒரு பங்கு உளுந்துக்கு நாலு பங்கு அரிசி" என்றால் எந்தக் கிண்ணத்திலும் அளந்துவிடுகிறாள். ஆகவே விகிதத்தை எழுதுவதே மேல்.

அடுத்தது, கடிகாரத்தை நம்பக்கூடாது. கல்யாணமாகித் தில்லிக்கு வந்த முதல் தை மாதம். "ராத்திரி அரைச்சு வை, காலையில பொங்கிடும்" என்று கும்பகோணத்திலிருந்து அம்மா இன்லண்ட் கடிதத்தில் எழுதியிருந்தாள். காலையில் பார்த்தால் மாவு வைத்தது வைத்தபடி. இட்லி கல்லு மாதிரி. எனக்குக் கைராசியே இல்லை என்று அழுதேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. மாவைப் புளிக்க வைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக இருக்கும் நுண்ணுயிரிகள். அவை நன்றாகப் பெருகச் சுமார் 30 டிகிரி வெப்பம் வேண்டும். தில்லியின் ஜனவரி இரவோ ஏழெட்டு டிகிரிக்கு இறங்கிவிடும். அம்மா சொன்னதில் தப்பில்லை. அவள் எழுதியது கும்பகோணத்து இரவு! "மாவு நன்றாக உப்பி, கரண்டியால் தொட்டால் உள்ளே குமிழ் தெரியும்வரை வை" என்று எழுதினால் எந்த ஊருக்கும் பொருந்தும். நேரத்தோடு அடையாளத்தையும் எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

பண்டிகை, கோலம், சீர் எல்லாவற்றுக்கும் இதே விதி. யார் செய்வார்கள், எப்போது, எதை வைத்து என்று எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் "எங்க வீட்டு வழக்கம்" என்றே எழுதலாம். இல்லாத விஞ்ஞானத்தை ஒட்ட வேண்டாம். கைபேசியில் படம் பிடிப்பதும் நல்லதே. ஆனால் வாசனையும் பதமும் படத்தில் வராது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அம்மாவின் கடிதங்கள் இன்னமும் என்னிடம் இருக்கின்றன. புளிக்காய்ச்சலுக்கு மட்டும், "அதான் உனக்குத் தெரியுமே" என்று ஒரே வரி. எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்றால் இன்று அவள் இல்லை.

உங்கள் வீட்டில் கேட்பதற்கு ஆள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.