உங்களுக்குத் தெரியுமா? வெயிலில் விளையாடும் பிள்ளைகள்

கடலோரப் பாறைக் குட்டைகளில் காலை நனைக்கும் பிள்ளைகளையும் பூ பறிக்கும் சிறுமிகளையும் பளீரென்ற எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பேர் வாங்கியவர் இங்கிலாந்தின் டோரதியா ஷார்ப் (1874–1955). இவர் முறையாக ஓவியம் படிக்கத் தொடங்கியபோது வயது 26. மாமா விட்டுச் சென்ற 100 பவுண்டுதான் படிப்புக்கான முதல். பிறகு பாரிஸ் போனார். அங்கே பார்த்த பிரெஞ்சு ஓவியர் மோனேயின் படைப்புகள் அவர் தூரிகையின் போக்கையே மாற்றிவிட்டன.

1920-களிலிருந்து கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் இவருக்குப் பிடித்த களம். கடல் ஊரை வளைத்துக் கிடப்பதால், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. இன்றும் ஓவியர்கள் அந்த வெளிச்சத்துக்காகவே அங்கே போகிறார்கள்.

இவர் ஓவியத்தில் ஒரு சிறுமியின் வெள்ளைக் கவுனை உற்றுப் பாருங்கள். சுத்த வெள்ளை கொஞ்சம்தான். மீதியெல்லாம் இளநீலம், ஊதா, மஞ்சள். நிழலிலும் நிறம்! முகங்களோ பெரும்பாலும் நாலைந்து தீற்றல்களோடு சரி. 'சும்மா அழகுப் படங்கள்' என்று இவரை ஒதுக்குவது நியாயமில்லை. வெயிலை இப்படிப் பிடிப்பது லேசான வேலையல்ல. எண்ணெய் வண்ண ஓவியம் பற்றி 1937-இல் ஒரு கையேடும் எழுதியிருக்கிறார்.