ஆமையின் ஓடு: உறையோ, உறுப்போ?

ஒரு பொருளை விளக்குதற்கு உவமை எடுப்போர் அவ்வுவமையின் இயல்பை முன்னர் ஆராய்ந்து கோடல் வேண்டும். அன்றேல், விளக்க வந்த உவமையே பொருளை மறைத்துவிடும். நம்மவர் சொற்பொழிவுகளிலே பலகாலும் எடுத்தாளப்படும் ஆமை யுவமை இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். ஐம்பொறிகளை அடக்குதற்கு ஆமையைக் காட்டினார் திருவள்ளுவனார். திருமூலநாயனாரும் காட்டினார். பகவற்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தும் அவ்வுவமை உண்டு. ஆமை தன் உறுப்புக்களை உள்ளே இழுத்துக் கொள்வதொன்றே இம்மூன்றிடத்தும் கருதப்பட்டது.

இந்நாளிற் சிலர் அவ்வளவில் நில்லாது, "ஆமை தன் வீட்டினுட் புகுகின்றது, அவ்வாறே ஆன்மாவும் உடம்பாகிய ஓட்டினுள் இருக்கின்றது, ஓட்டை விட்டு ஆமை புறப்படுதல் போல உடம்பையும் மலத்தையும் விட்டு ஆன்மா புறப்படுதலே முத்தி" என்று விரித்துரைக்கின்றனர். கேட்பதற்கு இனிதாகிய இவ்வுரை சித்தாந்தத்திற்குப் பெருந்தீங்கு பயப்பதாம். அஃது எங்ஙனமென்பதை அறிதற்கு, முதற்கண் ஆமையின் ஓடு யாது என்று காண்பாம்.

ஆமையின் ஓடு அது குடியிருக்கும் வீடன்று, அதன் எலும்பேயாம். மேலோட்டைக் கவிழ்த்து உட்புறத்தை நோக்குவார்க்கு இவ்வுண்மை ஐயமற விளங்கும். ஓட்டின் நடுவே நெடுக ஓடுவது முதுகெலும்பு. உடற்பகுதியின் முள்ளென்புகள் பத்தும் ஓட்டோடு ஒன்றாய்ப் பொருந்தி நிற்கும். அவற்றின் இருமருங்கும் விலாவெலும்புகள் அகன்று தகடுகளாகிப் பெரும்பாலும் 8 இணையாய் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கும். கீழோடும் பெரும்பாலும் 9 எலும்புகளால் ஆயது. அவற்றுட் சில ஏனைய உயிர்களின் காறையெலும்புக்கு ஒப்பானவை. இவ்வெலும்புகளின்மேல், நமது நகமும் ஆவின் கொம்பும் எப்பொருளால் ஆயினவோ அவ்வினப் பொருளாலாகிய தகடுகள் போர்த்திருக்கும். நம் நாட்டுக் குளங்களில் வாழும் ஒருவகை ஆமைக்கு இத்தகடுகளும் இல்லை. எலும்பின்மேல் தோலே போர்த்திருக்கும்.

பிறிதொரு வியப்பும் உண்டு. நமக்குத் தோட்பட்டை எலும்பு விலாக்கூட்டின் புறத்தே உள்ளது. ஆமைக்கோ அது விலாக்கூட்டின் அகத்தே உள்ளது. முட்டையினுட் கரு வளரும்பொழுதே, விலாவெலும்புகள் மார்பை நோக்கி வளையாமல் பக்கங்களில் நேரே படர்ந்து தோளைக் கவிந்து கொள்ளுதலே இதற்குக் காரணம். எனவே, பிறந்த ஆமை எங்கோ கிடந்த ஓட்டைத் தேடிப் புகுவதன்று, ஓட்டோடே பிறக்கின்றது. ஆமை வளர, ஓடும் உடன் வளர்கின்றது. சீனதேசத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டு 2008-ஆம் ஆண்டு அறிஞரால் விளக்கப்பட்ட ஏறக்குறைய 22 கோடி ஆண்டுப் பழமையான ஆமையின் என்புக்கூட்டிலே கீழோடு நிரம்பியும் மேலோடு நிரம்பாதும் விலாவெலும்புகள் அகன்றும் காணப்பட்டன. ஓடு புறத்தேநின்று வந்ததன்று, உடம்பின் எலும்பே திரிந்து ஆயதென்பதற்கு அது தக்க சான்றாம்.

இனி, ஓட்டின்மேல் மெல்லத் தொடினும் ஆமை அதனை உணரும். ஓடு பிளவுபட்டாற் குருதி ஒழுகும். முறிந்த எலும்பு பொருந்துமாறு போல நாட்செல்லப் பொருந்தவும் கூடும். ஓட்டை நீக்கினால் ஆமை இறக்குமேயன்றி விடுதலை பெறாது. ஓடு கழன்ற ஆமை யென்பது முதுகெலும்பு கழன்ற மனிதன் என்பதனோடு ஒக்கும்.

அற்றேல், நீராமைகளுட் சில தம் ஓட்டின் மேற்படலத்தைக் கழற்றுகின்றனவே யெனின், அது நாம் நகங்களைதல் போல்வதொன்று. கழல்வது மேற்றகட்டின் தேய்ந்த ஏடு மாத்திரமே, எலும்பன்று.

தருக்க நூலார் வேறுவேறாகிய இரு பொருள்கள் கூடுதலைச் சையோகம் என்றும், அவயவத்திற்கும் அவயவிக்கும் உள்ள தொடர்பைச் சமவாயம் என்றும் கூறுவர். மேலாடைக்கும் அதனை உடுத்தானுக்கும் உள்ளது முன்னையது. கைக்கும் உடம்புக்கும் உள்ளது பின்னையது. கடற்கரையில், இறந்த சங்குயிரின் ஓட்டினுட் குடிபுகுந்து, தான் பெருத்தபொழுது அதனை விட்டு வேறோர் ஓட்டைத் தேடிச் செல்லும் நண்டு ஒன்று உண்டு. அந்நண்டுக்கும் அவ்வோட்டுக்கும் உள்ளது சையோகம். ஆமைக்கும் அதன் ஓட்டுக்கும் உள்ளது அவயவத் தொடர்பு. ஆகலின் ஆமையின் ஓடு உறையன்று, உறுப்பேயாம் என்பது துணிபு.

இதனாற் சித்தாந்தத்திற்கு வரும் பயன் யாதெனின், கூறுதும்.

உடம்பை ஆமையோட்டிற்கும் ஆன்மாவை ஆமைக்கும் ஒப்பிடுவார் தம்மை அறியாமலே உலகாயதன் கையில் வாளைக் கொடுத்தவராவர். அவன், "நன்று கூறினீர், ஓடின்றி ஆமை இல்லை, அவ்வாறே உடம்பின்றி ஆன்மாவும் இல்லை, ஓடழிய ஆமை அழிதல் போல உடம்பழிய உணர்வும் அழியும்" என்பான். அதற்கு அவர் விடை கூற மாட்டார். நம் ஆசிரியர்கள் இவ்விடர்ப்பாட்டை முன்னரே உணர்ந்தார் போலும். உடம்பை விட்டு உயிர் செல்லுதற்கு அவர் காட்டியன பாம்பு தோலுரித்தலும் பறவை முட்டையை விட்டு வெளிவருதலுமே. பாம்பின் தோலும் அதன் உடம்பிற் றோன்றியதன்றோ வெனின், ஆம். ஆயினும் உள்ளே புதிய தோல் அமைந்த பின்னரே பழந்தோல் கழல்கின்றது. கழன்ற பின்னும் பாம்பு வாழ்கின்றது. முட்டையோடு உடைந்த பின்னரும் பறவை வாழ்கின்றது. விட்டபின் வாழ்தல் என்னும் இயல்பே அவ்வுவமைகளின் உயிர்நிலை. அஃது ஆமைக்கு இல்லை.

மலத்தை ஓட்டிற்கு ஒப்பிடுவார் செய்யும் பிழை இதனினும் பெரிது. ஆணவம் அநாதியே ஆன்மாவைப் பற்றியுள்ளதென்பது உண்மை. ஓடும் ஆமையோடு உடன்றோன்றியதே. இவ்வளவில் ஒப்புமை உண்டெனத் தோன்றும். ஆயின் ஆணவம் ஆன்மாவின் குணமன்று, உறுப்புமன்று. குணமாயின் அது நீங்க ஆன்மாவும் கெடவேண்டும். அப்பொழுது வீடுபேறு என்பது ஆன்மநாசமாய் முடியும். அதனாலன்றோ நம் ஆசிரியர்கள் செம்பிற் களிம்பையும் நெல்லின் உமியையும் உவமையாகக் கொண்டனர்! அவை உடனிருந்தும் வேறாவன. களிம்பு நீங்கச் செம்பு விளங்கும்; உமி நீங்க அரிசி நிற்கும். ஓடு நீங்க நிற்பது யாது?

இங்ஙனமாயின் ஆமை யுவமை பயனற்றதோ வெனின், அன்று. ஓடு உறுப்பென்று அறிந்த பின்னரே அவ்வுவமை முழுப்பொருள் தருகின்றது. ஓடு வீடாயின், புலனடக்கம் என்பது அச்சமுற்றான் ஒருவன் ஓடிப்போய் வேறோரிடத்தில் ஒளிதல் போலாகும். காடும் மடமும் புகுந்த அளவில் ஐந்தும் அடங்கிவிடும் எனக் கருதுவார் மயக்கம் இதுவே. ஆமையோ நின்றவிடத்தே நிற்கின்றது. வேறிடம் செல்லாது, தலையும் நான்கு கால்களுமாகிய ஐந்தையும் தன் எலும்பின் அகத்தே தானே மடக்கிக் கொள்கின்றது. அதன் காவல் புறத்தேநின்று இரவலாகப் பெற்றதன்று. தன் உடம்பாகவே வளர்ந்தது.

இன்னும் ஒரு நுட்பம் காண்க. ஓடு எலும்பாகலின் விரியாது. ஆகவே தலையையும் கால்களையும் உள்ளிழுக்கும்போது, உள்ளே இடமுண்டாதற்பொருட்டு ஆமை தன் மூச்சை வெளியே விடுகின்றது. அப்பொழுது எழும் சீறலை அருகில் நிற்பார் கேட்கலாம். யோகநூலார் பிராணாயாமத்தை முன்னும் பிரத்தியாகாரத்தைப் பின்னும் வைத்த முறைக்கு இஃது இயைந்து நிற்றல் அறிந்து மகிழத்தக்கது. கடலாமைகளுக்குத் தலையையும் துடுப்புக்கால்களையும் இவ்வாறு உள்ளே இழுக்கும் ஆற்றல் இல்லை. ஆதலின் நூல்கள் கருதிய ஆமை நிலத்தும் குளத்தும் வாழ்வதேயாம் என்க.

இறுதியாக ஒன்று. சிவபெருமான் திருமார்பில் ஆமையோடு விளங்குவதைத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் தமது முதற்றிருப்பதிகத்திலேயே குறித்தருளினார். அவ்வோட்டை அணிகலன்களுள் ஒன்றென மட்டும் எண்ணிக் கடந்துவிடுகின்றோம். ஓடு எலும்பே யென்று அறிந்தார்க்கு, அதுவும் இறைவன் அணிந்த என்புமாலையின் இனமேயாதல் புலனாகும். உடம்புகளெல்லாம் ஒடுங்கிய பின்னரும் தான் ஒடுங்காது நிற்பவன் அவனொருவனே என்பதற்கு அவ்வென்பு அடையாளம். காஞ்சியிற் கச்சபேசுரத்தில், ஆமை வடிவிலே திருமால் வழிபட்ட அப்பெருமானைத் தரிசிக்கும் அன்பர்கள் இதனையும் நினைவார்களாக.

உவமையைப் பிழையாக்கினாற் பொருளும் பிழையாம். உவமையை உள்ளவாறு அறிந்தால் அதுவே ஆசிரியனாய் நின்று உணர்த்தும்.

திருச்சிற்றம்பலம்.