3226-9: ஒரு லாரியின் முறையீடு

நாமக்கல், சேலம் சாலையோரப் பட்டறை ஒன்று. காலை எட்டு மணிக்கே பத்துச் சக்கர லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கும்போதே சொன்னார்: "வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க. மேடு வந்தா அப்படியே உக்காந்துக்குது. செக் லைட் வேற எரியுது."

முப்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் மெக்கானிக் இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பார். டீசல் பில்டரைக் கழற்றியிருப்பார், பம்பை டியூனுக்கு அனுப்பியிருப்பார். இந்தப் பட்டறை மெக்கானிக் கேபினுக்குள் குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்த கப்ளரில் ஸ்கேனர் ஒயரைச் சொருகினார். திரையில் வந்தது ஒரே வரி: 3226-9.

அந்த லாரியின் இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. இழுவையைக் குறைத்து வைத்திருந்தது வண்டியின் கம்ப்யூட்டர். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பதிவாகும் புது வண்டிகளுக்கு பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பெரும்பாலான லாரிகளில் புகைக்குழாய்க்குள் யூரியா கரைசல் தெளிக்கப்படுகிறது. அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இதனால் வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாறுகின்றன. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று வேவு பார்ப்பவை 'நாக்ஸ் சென்சார்'கள். அவற்றிடமிருந்து நம்பகமான தகவல் வராவிட்டால், கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டியின் வலுவைக் குறைத்துவிடும்.

கனரக வண்டிகளின் கோளாறுக் கோடு (code) பெரும்பாலும் இரண்டு எண்களாக வரும். முதலாவது எந்த உறுப்பு என்பது. அடுத்தது அதற்கு என்ன குறை என்பது. 3226 என்றால் புகை வெளியேறும் பக்கத்து நாக்ஸ் சென்சார். 9 என்றால், அதனிடமிருந்து தகவல் வர வேண்டிய இடைவெளியில் வரவில்லை. அவ்வளவுதான். சென்சார் செத்துவிட்டது என்று அந்த எண் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை என்றால் ஊருக்குப் போயிருக்கலாம், போனில் சார்ஜ் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பல இடங்களில் இந்த வரியைப் பார்த்ததுமே புது சென்சாருக்கு ஆர்டர் போய்விடுகிறது. பல ஆயிரம் ரூபாய் செலவழித்து மாற்றிய பிறகும் அதே 3226-9 திரும்பி வந்து நிற்கும்போது லாரிக்காரர் படும் பாட்டை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த மெக்கானிக் கோடை உடனே அழிக்கவுமில்லை. கோடு விழுந்த நொடியில் இருந்த வேகம், வெப்பம், லோடு எல்லாவற்றையும் வண்டி குறித்து வைத்திருக்கும். அழித்தால் அந்தச் சாட்சியமும் போய்விடும். அதை முதலில் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு தகவல் வரும் வழியைச் சோதித்தார். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டே ஒயர்களில். 'கேன்' என்ற இந்த ஏற்பாட்டை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. ஒயரின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயருக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. இங்கே 60 காட்டியது. பேச்சு வழி சரி.

அடுத்து லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்தந்த நொடியில் சொல்வதைத் திரையில் பார்ப்பது. தேர்ந்தவர்கள் வைத்திருக்கும் ஸ்கேனருக்கும், போனோடு இணைக்கும் சில நூறு ரூபாய்க் கருவிக்கும் வித்தியாசம் தெரியும் இடங்களில் இது ஒன்று. சின்னக் கருவி பெரும்பாலும் இன்ஜினின் பொதுவான கோடுகளோடு நின்றுவிடும். பெரிய ஸ்கேனர் பிரேக், கியர், யூரியா அமைப்பு என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரோடும் தனித்தனியாகப் பேசும், கட்டளையும் இடும். புது இன்ஜெக்டரின் தலையில் பொறித்த எண்ணைக் கம்ப்யூட்டருக்குள் எழுதும். புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கச் சொல்லும். அப்படி எரிக்கும்போது புகைக்குழாய் 600 டிகிரியைத் தொடும். நம் ஊர்ப் பட்டறைகளில் முட்டை அட்டைக் கட்டுகளும் வைக்கோலும் பக்கத்தில் கிடப்பது சாதாரணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்ஜின் குளிர்ந்திருந்தபோது திரையில் அந்த சென்சார் பேசிக்கொண்டுதான் இருந்தது. வண்டியை ஓட்டிப் புகைக்குழாய் நன்றாகச் சூடேறியதும் அதன் குரல் நின்றது. மெக்கானிக் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான். நாக்ஸ் சென்சாரின் பீங்கான் முனை சுமார் 800 டிகிரிக்குச் சூடானால்தான் வேலை செய்யும். அதற்குள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. குழாயின் ஈரம் உலரும்வரை அந்த ஹீட்டர் ஓடாது. ஓட ஆரம்பித்ததும் கரண்டை நிறைய இழுக்கும். அப்போது போதிய வோல்ட் வரவில்லை என்றால் சென்சார் மயங்கிவிடும்.

சென்சார் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தார். 24 வோல்ட்டுக்குக் குறையவில்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். மீட்டர் கரண்டை இழுப்பதே இல்லை. நூல்போல ஒட்டியிருக்கும் ஒற்றை இழைகூட அதற்குப் போதும். அலமாரியிலிருந்து இரண்டு ஒயர் பற்ற வைத்த பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து அதே கப்ளரில் பிடித்தார். கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் இழுக்கும் பல்பு. அது மின்மினிப்பூச்சி மாதிரி மினுங்கி அடங்கியது. பல லட்சம் கிலோமீட்டர் பார்த்த மனிதரின் கையில் பத்து ரூபாய்ப் பல்பு சொன்ன உண்மை அது. ஸ்கேனர் சந்தேகத்தை இத்தனை சின்ன வட்டத்துக்குள் கொண்டுவந்து விட்டிராவிட்டால், அந்தப் பல்பை எங்கே பிடிப்பது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒயரை விரல் விரலாகத் தடவிக்கொண்டே போனார். கேபினுக்குப் பின்னால், சேஸிஸ் ஓரத்தில், டேப் சுற்றிய ஒரு முடிச்சு. பிரித்ததும் செம்பு இழைகள் பச்சை பூத்து உதிர்ந்தன. அலங்கார விளக்குக்கு யாரோ அங்கே கரண்டு எடுத்திருக்கிறார்கள்.

நாமக்கல்லும் திருச்செங்கோடும் சங்ககிரியும் பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர்கள். வெற்று சேஸிஸாக வருவது இங்கேதான் லாரியாகிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எந்த ஒயரைச் சீவி எங்கே கரண்டு எடுத்தாலும் தொல்லையில்லை. வெல்டிங்குக்கும் அதே கதைதான். இன்று பேட்டரி முனைகளைக் கழற்றாமல், கம்ப்யூட்டர் கப்ளர்களைப் பிரிக்காமல், எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடாமல் வெல்டிங் செய்தால், அந்தக் கரண்டு கம்ப்யூட்டருக்குள்ளே புகுந்துவிடலாம்.

கெட்ட ஒயரை வெட்டி எறிந்து, புதிது சேர்த்து, சால்டர் வைத்து, சுருங்கும் குழாயால் மூடினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. கோடை அழித்து, புதன்சந்தை வரை ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். சென்சார் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தது.

"அந்தக் கலர் லைட்டு ராத்திரிக்கு எரியணுமுங்களே" என்றார் டிரைவர்.

"எரியும்ங்க. அதுக்கு பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி பியூஸ், ஒரு ரிலே. மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் மறுபடியும் வண்டிக்கடியில் நுழைந்தார்.