துருத்தியை மிதிப்பது யார்?

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். மலைப்பாதையில் கார் திணறினால், பாதிக் குறை மூச்சில்தான். கொல்லன் பட்டறைத் துருத்திபோல சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி ஊதிவிட்டால், சின்ன என்ஜினும் பெரிய என்ஜினின் வேலையைப் பார்க்கும்.

அப்படி ஊதுகிற கருவிகளில் ஒன்று சூப்பர்சார்ஜர்; அதன் பூர்வீகமே உலைக்களம்தான். அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற காற்றூதி, கார் பிறக்கும் முன்பே இரும்பு உலைகளுக்கு ஊதிக்கொண்டிருந்தது. காரில் அதை கிராங்க் ஷாஃப்டே பெல்ட் போட்டுச் சுழற்றுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணமே இழுவை கிடைக்கும். ஆனால் துருத்தி மிதிக்கிற ஆளுக்கு என்ஜின்தான் சோறு போட வேண்டும்; அவன் சாப்பாடும் கொஞ்சநஞ்சமல்ல. 707 குதிரைத்திறன் கொண்ட டாட்ஜ் ஹெல்கேட்டில், சூப்பர்சார்ஜரை முழு வேகத்தில் சுழற்றவே சுமார் 80 குதிரைத்திறன் போய்விடுகிறது. நம்மூர் ஸ்விஃப்டின் மொத்த பலமே ஏறக்குறைய அவ்வளவுதான்!

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி வேறு ஆளைப் பிடித்தார்: புகை. எரிபொருள் தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறதே, அதையே வேலை வாங்கினால் என்ன? 1905-இல் அவர் பெற்ற காப்புரிமைதான் டர்போவுக்கு வித்து. புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை உள்ளே தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்! புகை வெளியேறுவதற்குத் தடை என்ற சின்னச் செலவு இதிலும் உண்டு.

டர்போவின் பெரிய குறை, தாமதம். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து, திரும்பியதும் மிதித்துப் பாருங்கள். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் வண்டி பாயும். போதிய புகை சேர்ந்து சக்கரம் வேகமெடுக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இப்போதைய சிறிய, இலகுவான டர்போக்களில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது.

மிதித்ததும் சீறவேண்டும், பெட்ரோல் செலவு பொருட்டல்ல என்பவருக்கு சூப்பர்சார்ஜர். தினமும் ஓட்டுகிறவருக்கு டர்போதான் என்பது என் கட்சி. எதுவானாலும் கம்பெனியிலேயே பொருத்தி வந்ததை வாங்குங்கள். சாதாரண என்ஜினில் வெளியே பொருத்தினால், கூடுதல் அழுத்தத்தில் எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் 'நாக்கிங்' வந்து பிஸ்டனே உடையலாம்.

டர்போ வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். இல்லாவிட்டால் கொதிக்கும் டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கருகி, பேரிங்கைத் தின்றுவிடும்.