தேய்த்தாலும் போகாத பற்கறை: கோலார் தங்கவயல் பெற்றோர் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயல் (கர்நாடகா): குழந்தையின் முன்பற்களில் சுண்ணாம்பு நிறப் புள்ளிகளோ பழுப்புக் கோடுகளோ தென்பட்டால், ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்ற பழியே முதலில் அதன் மீது விழுகிறது. ஆனால் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றான கோலாரில், அந்தக் கறைக்குக் குடிநீரே காரணமாக இருக்கக்கூடும்.

ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இம்மாவட்டத்தில் இல்லை. ஆழ்துளைக் கிணறுகளே பெரும் ஆதாரம். கருங்கல் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கும் நீரில், பாறையிலுள்ள ஃபுளோரைடு கரைந்து சேர்கிறது. எல்லைக்கு இப்பால் உள்ள கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களிலும் இதே நிலை நிலவியதால்தான், 2013ஆம் ஆண்டு ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில்.

கறை எப்படி உருவாகிறது?

நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயது வரை, உடலில் சேரும் மிகுதியான ஃபுளோரைடு எனாமலின் அமைப்பையே மாற்றிவிடுகிறது. வலப்புறப் பல்லில் காணப்படும் கறை பெரும்பாலும் இடப்புறத்தின் அதே பல்லிலும் காணப்படும். எனாமலுக்குள்ளேயே இருக்கும் இக்கறையை உப்பு, கரித்தூள், செங்கல் தூள் கொண்டு தேய்ப்பதால் எனாமல்தான் தேயும், பற்கூச்சமே மிஞ்சும். தோற்றத்தைச் சீராக்கப் பல் மருத்துவத்தில் வழிகள் உண்டு.

இந்திய தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மாற்று நீராதாரம் இல்லாத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. நீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாகி, அதன் செறிவு கூடவே செய்யும். சாதாரண வடிகட்டிகளும் பயன்படா, ஆர்.ஓ. கருவியும் அலுமினா வடிகட்டியும் அதனைக் குறைக்கும்.

பற்பசையைக் கைவிடலாமா?

தண்ணீர் மீதுள்ள அச்சத்தில் ஃபுளோரைடு பற்பசையையும் ஒதுக்குவது தவறான கணக்கு. இந்தியாவில் பற்பசையில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது. பட்டாணி அளவுப் பசை, அதாவது சுமார் கால் கிராம், முழுவதும் விழுங்கப்பட்டாலும் உட்செல்வது 0.25 மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் கலந்த நீரில் ஒரு லிட்டர் குடித்தால் அதனைப் போல் 12 மடங்கு. கறை படிந்த பல்லும் சொத்தையாகும் என்பதால், அதற்கும் பாதுகாப்பு தேவை.

மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதுமானது. துலக்கும்போது பெரியவர் ஒருவர் அருகிலிருந்து துப்பச் செய்ய வேண்டும். நீரில் ஃபுளோரைடு மிகுதி என உறுதியான ஊர்களில், சிறு குழந்தைக்கு உகந்த பசையைப் பல் மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

பெரியவர்களைப் பொறுத்தவரை, இரவு உறங்கும் முன் துலக்குவதே அதிகம் தவறவிடப்படும் பழக்கம். மென்மையான இழைகள் கொண்ட பிரஷ்ஷால், காலையும் இரவும் இரண்டு நிமிடங்கள், ஈறும் பல்லும் சந்திக்கும் விளிம்பைத் துலக்க வேண்டும். இரத்தம் கசிகிறது என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவோர் பலர். அங்கு அழுக்குப் படலம் தங்குவதால்தான் பெரும்பாலும் கசிவே ஏற்படுகிறது. மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் தொடக்கநிலை ஈறு வீக்கம் தணியும். இறுகிவிட்ட காரையை மருத்துவரே அகற்ற முடியும். அதனால் பல் ஆட்டம் காணும் என்பது உண்மையன்று; காரை நீங்கிய இடைவெளியே அப்படித் தோன்றச் செய்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைவில் முற்றும் என்பதால் கசிவைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கூடாது. பற்பசை, பற்பொடியில் புகையிலை சேர்ப்பது 1992இல் தடை செய்யப்பட்டது. எனினும் புகையிலைத் தூளால் பல் தேய்ப்போர் இன்றும் உள்ளனர்.

குடிநீரின் ஃபுளோரைடு அளவை மாவட்டக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அறியலாம். ஆழ்துளைக் கிணற்றுக்குக் கிணறு அளவு மாறுபடும் என்பதால், அடுத்த தெருவின் முடிவைக் கொண்டு உங்கள் குழாய் நீரை மதிப்பிட இயலாது.