வான்கோழி பர்கரும் 74 டிகிரியும்!

குழந்தைகளே! பர்கர் என்றால் உங்களில் பலருக்கு நாக்கில் நீர் ஊறும். அமெரிக்க வீடுகளில் வான்கோழிக் கறியிலும் பர்கர் செய்வார்கள், தெரியுமா?

வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. 16ம் நூற்றாண்டில், மெக்சிகோவில் இருந்து ஸ்பெயின் நாட்டினர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போயினர். ஆங்கிலத்தில் அதன் பெயர், 'டர்க்கி'. துருக்கியரோ அதை, 'ஹிந்தி' என்கின்றனர். இந்தியாவைச் சேர்ந்தது என்று பொருள். இரண்டுமே தப்பான முகவரி!

வான்கோழிக் கறியில், அதுவும் நெஞ்சுக் கறியில், கொழுப்பு குறைவு. அதனால், சுட்டதும் வறண்டு விடும். இதற்குக் கை கொடுப்பது, மத்திய தரைக்கடல் நாடான கிரேக்கத்தின் சமையல். வெங்காயம், பூண்டு, ஆலிவ் எண்ணெய், ஓரிகனோ இலை, செம்மறியாட்டுப் பாலில் செய்த, 'ஃபெட்டா' பாலாடைக்கட்டி எல்லாம் சேர்ந்தால், ஈரமும், மணமும் கிடைக்கும்.

செய்முறை இதோ... அடுப்பு வேலை பெரியவர்களுடையது. தட்டுவது உங்களுடையது!

அரை கிலோ வான்கோழிக் கொத்துக்கறியில், துருவிய சிறு வெங்காயம் ஒன்று, நசுக்கிய பூண்டு 2 பல், உதிர்த்த ஃபெட்டா 50 கிராம், ஓரிகனோ 1 டீஸ்பூன், மிளகுத்தூள், சிறிது உப்பு சேர்த்துப் பிசையவும். நான்கு வடைகளாகத் தட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டை விரலால் சிறு பள்ளம் செய்யவும். வேகும்போது நடுப்பகுதி உப்பாமல் இருக்கத்தான் இந்தப் பள்ளம். ஆலிவ் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் இரு பக்கமும் 5 அல்லது 6 நிமிடம் வேக விடவும். பன்னுக்குள் வைத்து, தக்காளி, வெள்ளரி கலந்த பூண்டுத் தயிர் சேர்த்தால் பர்கர் தயார்!

பொறுங்கள்... சாப்பிடும் முன் ஒரு சோதனை உண்டு. வடையின் பக்கவாட்டில், நடுப்பகுதி வரை சமையல் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்க்க வேண்டும். 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும் என்கிறது, அமெரிக்க வேளாண் துறை.

ஏன் இந்தக் கண்டிப்பு? முழுத் துண்டுக் கறியில், கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கறியைக் கொத்தும்போது, மேலே இருந்த கிருமி உள்ளே போய்விடும். ஆகவே, உட்புறமும் நன்றாகச் சூடேற வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உள்ளே வேகாமலே பழுப்பாவதும் உண்டு. வெந்த பின்னும் இளஞ்சிவப்பாக இருப்பதும் உண்டு.

அமெரிக்காவில், 2011ல், வான்கோழிக் கொத்துக்கறியில் இருந்த, 'சால்மொனெல்லா' கிருமியால், 34 மாநிலங்களில் 136 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். 1 கோடியே 60 லட்சம் கிலோவுக்கும் அதிகமான கறி திரும்பப் பெறப்பட்டது.

இன்னும் இரண்டு பாடங்கள்... பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் நீரோடு கிருமியும் தெறிக்கும். கறி தொட்ட கையை சோப்பு போட்டு, 20 வினாடி கழுவுங்கள். அதே கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்கவே கூடாது!

நம் வீட்டுக் கோழிக் கொத்துக்கறிக்கும் இதே 74 டிகிரிதான். இன்றே அம்மா, அப்பாவிடம் சொல்வீர்கள்தானே?